அந்த இரகசியம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

நான் உளவளத்துணை (கவுன்சலிங்) டிப்ளோமா படிக்கிறேன். இப்போது களப்பயிற்சி நடக்கிறது. எங்களுக்குப் படிப்பிக்கிற சேர்தான் என் மேற்பார்வையாளரும். கெட்டிக்காரர், சுனாமிக் காலத்திலிருந்து வேலை செய்கிறவர், எல்லோரும் மதிக்கிறார்கள். தன்னையறிதல் பயிற்சி என்று எங்கள் ஒவ்வொருவரையும் தனியாக இருத்திக் கதைத்தார். சின்ன வயதில் வீட்டில் நடந்த ஒன்றை நான் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. இரண்டு கிழமைக்குப் பிறகு வகுப்பில் ‘ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்தது’ என்று அதையே உதாரணமாகச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனாலும் மூன்று பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இப்போது இரவு பத்து, பதினொரு மணிக்குக் கோல் எடுக்கிறார். முதலில் கேஸைப் பற்றி, அப்புறம் என்னைப் பற்றி. தன் வீட்டுக் கவலைகளையும் சொல்கிறார். மேற்பார்வைக்கு நிலையத்துக்கு வரத் தேவையில்லை, வீட்டுக்கு வாருங்கள், மனைவி வேலைக்குப் போய்விடுவார், அமைதியாக இருக்கும் என்கிறார். ‘உங்களிடம் ஒரு தனித் திறமை இருக்கிறது, மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாம், இது நமக்குள் இருக்கட்டும்’ என்கிறார். என் கையைக்கூடத் தொட்டதில்லை. நான்தான் பிழையாக நினைக்கிறேனா? களப்பயிற்சிப் புள்ளி அவர் கையில் இருக்கிறது. என் துணைநாடி (உளவளத்துணை தேடி என்னிடம் வருகிறவர்) ஒருவரின் பிரச்சினையைப் பெயர் போடாமல் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் எழுதி ஆலோசனை கேட்ட எனக்கு, என் பிரச்சினையை யாரிடமும் சொல்லத் துணிவு வரவில்லை.

— மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து ஒரு பயிலுனர்

பதில்:

தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக ஒரு சிறு பதில் அனுப்பினேன். சனிக்கிழமை நீங்கள் அந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் பதிலைத் தள்ளிப்போட முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதலாமா என்று கேட்டேன், ஓம் என்றீர்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையா, மேற்கே படுவான்கரையா என்பது முதற்கொண்டு சில விவரங்களை மாற்றி, மாற்றியதை உங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்கிறேன்.

நீங்கள் பிழையாக நினைக்கவில்லை. அந்த மனிதரின் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர் செய்த காரியங்களுக்குப் பெயர் இருக்கிறது. உள்ளத்தில் என்ன இருந்தாலும் அந்தக் காரியங்கள் பிழைதான்.

முதலாவது, புள்ளி போடுகிறவரே உங்கள் காயத்தையும் கேட்டது. உளவளத்துணை படிக்கிறவர் தன்னை அறிய வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தன் வீட்டில் என்ன புதைந்து கிடக்கிறது என்று தெரியாதவர் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டினால் இரண்டு வீடும் கலங்கும். ஆனால் அந்தத் தன்னையறிதலை யாரோடு செய்வது? அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்கக்கோவை இதை வெளிப்படையாகவே சொல்கிறது: பயிற்சியின் பகுதியாக மாணவர் தனக்கு உளச்சிகிச்சை பெற வேண்டும் என்றால், அந்த மாணவருக்குப் புள்ளி போடுகிற, போடக்கூடிய ஆசிரியர் அதைக் கொடுக்கக் கூடாது. வெளியாள் ஒருவரிடம் போகும் வழியும் இருக்க வேண்டும். சின்ன வயதுத் துன்பம், குடும்பத்துக்குள் நடந்தவை போன்றவற்றைச் சொல்லும்படி மாணவரைக் கேட்பதற்கும் அது கட்டுப்பாடு வைத்திருக்கிறது. அப்படிக் கேட்கப்படும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க உளவளத்துணைச் சங்கத்தின் 2014ஆம் ஆண்டுக் கோவையும் மேற்பார்வையாளர் தன் பயிலுனருக்கு உளவளத்துணை செய்யக் கூடாது என்கிறது. இது வெள்ளைக்காரர்களின் சட்டம், நமக்கு ஏன் என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கு எதிரே இருந்தவரிடம் ‘இதைச் சொல்ல விருப்பமில்லை சேர்’ என்று சொல்ல உங்களால் முடிந்ததா? முடியவில்லை அல்லவா. ‘இல்லை’ சொல்ல முடியாத இடத்தில் சொன்ன ‘ஓம்’ எந்த ஊரிலும் ஓம் ஆகாது.

இரண்டாவது, அதை வகுப்பில் எடுத்து வைத்தது. பெயர் சொல்லவில்லை என்பது ஒரு பாதுகாப்பே இல்லை. மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்ற அந்த ஒரு வரி போதும்.

மூன்றாவதுதான் என்னை இரவு தூங்க விடாதது. ‘இது நமக்குள் இருக்கட்டும்.’

நம்முடைய தொழிலில் இரகசியம் என்ற சொல்லை நாள் முழுதும் சொல்கிறோம். முதல் நாள் வகுப்பிலேயே அதுதான் பாடம். ஆனால் அந்த இரகசியம் யாருக்குச் சொந்தம் என்பதை யாரும் அழுத்திச் சொல்லித் தருவதில்லை. அது துணைநாடிக்குச் சொந்தம். தன் கதையை யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது, சொல்லாமலே விடுவதா என்பதெல்லாம் அவருடைய முடிவு. நாங்கள் அதைக் காத்து வைத்திருக்கிறவர்கள் மட்டும்தான், நகை அடைவு பிடிக்கிறவர் மாதிரி. உளவளத்துணையாளர் என்ன செய்தார், எங்கே சந்தித்தார், எத்தனை மணிக்குப் பேசினார் என்பது இரகசியமே கிடையாது. அதைத் துணைநாடியும் மேற்பார்வையாளரும் நிலையமும் கேட்கலாம், அவர் பதில் சொல்ல வேண்டும். உங்கள் சேர் இதை அப்படியே தலைகீழாக்கிவிட்டார். உங்களுடைய கதையை நாற்பது பேர் முன்னால் திறந்து வைத்தார். தன்னுடைய கோலையும் வீட்டு அழைப்பையும் பூட்டி வைக்கச் சொல்கிறார்.

கையைக்கூடத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அவருக்காக வாதாடுவது போல. இப்படிப்பட்ட காரியங்கள் கையில் தொடங்குவதில்லை. நான் கேட்ட கதைகளில் அநேகமாக எல்லாமே இந்த வரிசையில்தான் போயிருக்கின்றன: முதலில் நேரம் மாறும், அடுத்து இடம் மாறும், அப்புறம் பேச்சின் திசை மாறும். துணைநாடியோ பயிலுனரோ அவருடைய கவலையைக் கேட்கத் தொடங்குவார். ‘நீ மற்றவர்களைப் போல இல்லை’ என்ற வார்த்தை வரும். ஒவ்வொரு படியும் அன்பாகவே தெரியும். அதனால்தான் ஏறியவருக்கும் இறங்கத் தெரியாது.

எல்லையைத் தாண்டுவது எல்லாமே குற்றமும் இல்லை. தோமஸ் குதைல், கிளென் கபார்ட் என்ற இரண்டு அமெரிக்க உளநல மருத்துவர்கள் 1993இல் இதைப் பிரித்து எழுதினார்கள்: துணைநாடியின் நன்மைக்காக ஒரு தடவை எல்லையை நெகிழ்த்துவது ஒன்று, அவரைப் பயன்படுத்திக்கொள்கிற மீறல் வேறொன்று. 2011 ஜனவரி வெள்ளத்தில் பஸ் ஓடவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் நின்ற துணைநாடி ஒருவரை என் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். சாதாரண நாளில் செய்ய மாட்டேன். அடுத்த நாள் காலையில் கோப்பில் எழுதினேன், என் மேற்பார்வையாளருக்குச் சொன்னேன், அடுத்த சந்திப்பில் அந்தத் தாயிடமும் அதைப் பற்றிக் கதைத்தேன். கோப்பில் எழுதவும் மேற்பார்வையில் சொல்லவும் கூடிய காரியமா என்று பாருங்கள். இரவு பதினொரு மணிக் கோலை உங்கள் சேர் எந்தக் கோப்பில் எழுதுவார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இன்னும் மோசமான இடத்துக்குப் போனால் ‘அவளுக்கும் விருப்பம்தானே’ என்று ஊர் சொல்லும். உளச்சிகிச்சை பிறந்த காலத்திலேயே இந்தக் கேள்வி வந்துவிட்டது. சிகிச்சைக்கு வருகிறவருக்கு மருத்துவர் மேல் வருகிற காதல் அந்தச் சிகிச்சைச் சூழலே உண்டாக்குவது, மருத்துவர் அதைத் தன் அழகுக்கும் ஆளுமைக்கும் கிடைத்த வெற்றியாக எடுக்கக் கூடாது என்று சிக்மண்ட் பிராய்ட் 1915இல் எழுதினார். அப்படியிருந்தும் துணைநாடியோடு பாலுறவு கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கம் தன் கோவையில் நேராக எழுத 1977 வரை ஆனது. இப்போது அமெரிக்க உளவளத்துணைச் சங்கத்தின் கோவை, சேவை முடிந்து ஐந்து வருடம் வரைக்கும் அதைத் தடுக்கிறது. ஒருவர் தன் காயத்தைத் திறந்து காட்டிய பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் தராசு சரியாக நிற்பதில்லை. பயிலுனருக்கும் பயிற்றுநருக்கும் இது அப்படியே பொருந்தும், மேலதிகமாகப் புள்ளியும் சேர்ந்து அழுத்தும். நமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவு, 1995 திருத்தத்துக்குப் பிறகு, அதிகாரத்தில் இருக்கிறவர் சொல்லாலோ செயலாலோ விரும்பாத பாலியல் அணுகல் செய்வதையும் குற்றம் என்கிறது. வேலைத்தலமாக இருந்தாலும் வேறு எந்த இடமாக இருந்தாலும். தொட்டால்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இனி உங்களைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் என் கதையைச் சொல்கிறேன்.

2005 பங்குனி. நாவலடியில் வீடு வாசல் போன சனங்கள் திராய்மடுவில் கூடாரங்களில் இருந்தார்கள். நான் அப்போது மூன்று மாதப் பயிற்சி முடித்த புதுசு. ஒரு தாயிடம் கிழமைக்கு இரண்டு தரம் போவேன். கடல் வந்தபோது எந்தப் பிள்ளையின் கை எப்படி வழுகியது என்று ஆறாவது தடவை போனபோதுதான் சொன்னார். அன்று பின்னேரம் நான் வேலை செய்த நிறுவனத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நன்றாக எழுதுகிறேன் என்ற பெருமையில் அதை அப்படியே எழுதினேன், பெயர் போடாமல், கூடார வரிசையை மட்டும் போட்டு. பத்து நாள் கழித்து உதவி கொடுக்கிற இடத்திலிருந்து இரண்டு பேர் மொழிபெயர்ப்பாளரோடு வந்தார்கள். அந்தத் தாய் வாசலில் குந்தி இருந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தார். அவர்கள் மிக மரியாதையாகத்தான் கேட்டார்கள், இரண்டாவது பிள்ளையின் கையைப் பற்றி. அவர் கத்தியைக் கீழே வைத்தார். அவர்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “நான் உங்களுக்குத்தானே புள்ள சொன்னன்” என்றார். அவ்வளவுதான். மறுகா நான் எத்தனை தரம் போனாலும் தேத்தண்ணி தந்தார், அரிசி விலை கதைத்தார். அந்தப் பிள்ளையின் பெயரை என்னிடம் ஒருநாளும் எடுக்கவில்லை. அனர்த்த காலத்தில் உளநல உதவி செய்வோர் தீங்கு செய்யாமல் இருப்பது எப்படி என்று ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வழிகாட்டல் வெளியிட்டது 2007இல். அதைப் படித்தபோது எனக்கு அந்த வாழைக்காய்த் தோல்தான் ஞாபகம் வந்தது.

ஆகவே தங்கச்சி, வட்ஸ்அப் குழுவில் பெயர் போடாமல் எழுதினேன் என்கிறீர்கள். கொழும்பில் அது ஒருவேளை போதும். நம்முடைய பக்கம் போதாது. ‘நீங்கள் என்ன குடி’ என்று தாய்வழிக் குலத்தைக் கேட்டுப் பழகும் ஊர் இது. ‘கணவர் கட்டாரில், மாமியோடு பிரச்சினை, மூத்த பிள்ளைக்கு வலிப்பு’ என்று மூன்று வரி எழுதினால் கல்லாற்றிலிருந்து காரைதீவு வரைக்கும் யாராவது ஒருவர் ‘அது எங்கட மச்சாள்’ என்பார். அந்தக் குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நாற்பது குடும்பம். உங்கள் சேர் வகுப்பில் உங்களுக்குச் செய்ததை, நீங்கள் நல்ல மனதோடு அந்தப் பெண்ணுக்குச் செய்துவிட்டீர்கள். உதவி கேட்டது பிழை இல்லை. கேட்ட இடம்தான் பிழை. துணைநாடியைப் பற்றிக் கதைக்க மேற்பார்வை என்ற ஒரு அறை இருக்கிறது. அந்த அறை உங்களுக்குப் பாதுகாப்பாக இல்லாததால் குழுவுக்குப் போனீர்கள். எனக்கு அது விளங்குகிறது. மேலே ஒருவர் எல்லை மீறும்போது அதன் பாரம் கடைசியில் ஒரு துணைநாடியின் தலையில்தான் இறங்குகிறது.

அந்தச் செய்தியை அழியுங்கள். அழித்ததாகக் குழுவில் ஒரு வரி எழுதி, படம் பிடித்து வைத்திருப்பவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடமும் சொல்ல வேண்டும், ஆனால் எப்படி, எப்போது என்பதைப் புது மேற்பார்வையாளரோடு கதைத்துவிட்டுச் செய்யுங்கள். மன்னிப்புக் கேட்டு உங்கள் மனப்பாரத்தை அவர் தலையில் ஏற்றிவிடக் கூடாது.

ஊரில் எல்லோரும் சொந்தக்காரர் என்றால் எப்படி வேலை செய்வது என்று பயிலுனர்கள் என்னிடம் கேட்பதுண்டு. சொந்தமே இல்லாத துணைநாடியைத்தான் எடுப்பேன் என்றால் எங்கள் மாவட்டத்தில் பாதிப்பேருக்கு உதவி கிடைக்காது. நெருங்கிய உறவு என்றால் வேறொருவரிடம் அனுப்புங்கள். தூரத்துச் சொந்தம் என்றால் முதல் சந்திப்பிலேயே அதைப் பேசிவிடுங்கள். நான் இப்படிச் சொல்வேன்: “மாமாங்கத்துத் திருவிழாவில் கண்டாலும், கலியாண வீட்டில் கண்டாலும் நானாக உங்களிடம் வந்து கதைக்க மாட்டேன். நீங்கள் கதைத்தால் நானும் கதைப்பேன், ஆனால் இங்கே கதைத்ததைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.” நிறையப் பேர் அதைக் கேட்டதும் கதிரையில் கொஞ்சம் சாய்ந்து இருப்பார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் பதிலில் எழுதிய மெசேஜை அப்படியே அனுப்பியதாகச் சொன்னீர்கள்: ‘சேர், இனி மேற்பார்வையை நிலையத்திலேயே, வகுப்பு நேரத்தில் வைத்துக்கொள்வோம். இரவு கோலுக்கு நான் வர முடியாது.’ காரணம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. நல்லது. இனியும் விளக்கம் கொடுக்காதீர்கள். விளக்கம் கொடுத்தால் அதைப் பேரம் பேசத் தொடங்குவார்கள். கோல் வந்த திகதி, நேரம், சொன்ன வார்த்தைகள், வகுப்பில் உங்கள் கதை சொல்லப்பட்ட நாள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மெசேஜ்களைப் படம் பிடித்து, உங்கள் போனில் மட்டும் வைக்காமல் நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். பாடநெறி இணைப்பாளருக்கு எழுத்தில் இரண்டு கோரிக்கை வையுங்கள்: வேறு மேற்பார்வையாளர் வேண்டும், களப்பயிற்சிக்குப் புள்ளி எந்த அடிப்படையில் போடப்படுகிறது என்று எழுத்தில் வேண்டும். இரண்டாவது கோரிக்கை எந்த மாணவரும் கேட்கக் கூடியது, அதே நேரம் பழிவாங்கலுக்கு ஒரு பூட்டும் ஆகும். அந்த மூன்று பேரில் ஒருவரிடமாவது கதைத்துப் பாருங்கள். அவர்கள் ஏன் திரும்பிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுவது வேறு: அவர்களுக்கும் இரவில் கோல் வந்திருக்கலாம்.

வெருட்டினாலோ, வீட்டுக்கு வரும்படி மறுபடி அழுத்தினாலோ, கை நீட்டினாலோ பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போகலாம். பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் அழைக்கலாம். மனம் தாங்காமல் போனால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926. நீங்கள் அவரிடம் சொன்ன அந்தச் சின்ன வயதுக் கதைக்கு ஒரு நல்ல காது இன்னும் கிடைக்கவில்லை. பாடநெறியோடு சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தரிடமோ ஆஸ்பத்திரி உளநலப் பிரிவிலோ, உங்களுக்காக மட்டும் போங்கள்.

இதைப் படிக்கும் பயிற்சி நிலையங்களுக்கும் ஒரு வார்த்தை. டாக்டர் பிழை விட்டால் மருத்துவ சபைக்கு எழுதலாம். சட்டத்தரணி என்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். நம் தொழிலில் ஒரு பயிலுனருக்கு அப்படிக் கையைப் பிடித்துக் காட்ட ஒரு கதவு இல்லாதபோது, நிலையமே அந்தக் கதவாக இருக்க வேண்டும். மேற்பார்வை அறைக்குக் கண்ணாடி வைத்த கதவு போடுவதற்கு எவ்வளவு காசு முடியும்? படிப்பிக்கிறவர், மேற்பார்க்கிறவர், தன்னையறிதல் நடத்துகிறவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க, பக்கத்து ஊர் நிலையத்தோடு ஆளை மாற்றிக்கொண்டாலே போதும். முறைப்பாடு கேட்பதற்கு நிலையத்துக்கு வெளியே இருக்கிற ஒருவரின் பெயரும் இலக்கமும் முதல் நாளே மாணவர் கையில் இருக்க வேண்டும். ‘வெளியில் தெரிந்தால் சனம் உளவளத்துணைக்கு வராது’ என்று சொல்லித்தான் இதையெல்லாம் மூடுகிறார்கள். 1990 வன்செயலையும் சுனாமியையும் 2019 உயிர்த்த ஞாயிறையும் கண்ட சனங்கள் இவர்கள். அவர்களுக்கு மூடி வைத்த பானையின் மணம் தெரியும்.

தங்கச்சி, மெசேஜுக்குப் பதில் வரவில்லை, வகுப்பில் முகம் கொடுத்தும் கதைக்கவில்லை என்று நேற்று எழுதியிருந்தீர்கள். அந்த மௌனம் பயமாகத்தான் இருக்கும். சனிக்கிழமை நிலையத்துக்குப் போகும்போது உங்கள் சிநேகிதியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வெளி வாங்கில் இருக்கட்டும். கொப்பியை மறக்க வேண்டாம். பின்னேரம் எனக்கு ஒரு கோல் எடுங்கள்.